உட்கார்ந்த நாற்காலியின் ஆள்

நாற்பது வருடம் பழகியிருக்கிறேன். அவனால் எனக்கு ஒரு சின்னச் சலுகைகூடக் கிடைத்ததில்லை. ஊரில் எல்லோருக்கும் ஒரு கூட்டாளி இருப்பான். ரேஷன் கடை வரிசையில் நமக்கும் சேர்த்துப் பை வைப்பான், பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பான், தேவைப்படும் இடத்தில் நமக்காக இரண்டு பொய் சொல்வான். எனக்கு வாய்த்தவன் இவன். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால், யாரைக் கேட்டு எழுதினாய் என்று எங்கிருந்தாவது கேட்பான்.

எங்கள் ஊர் தாடிக்கொம்புக்கும் வேடசந்தூருக்கும் நடுவில் இருக்கிறது. அங்கிருந்து இருவரும் திண்டுக்கல் கல்லூரிக்கு டவுன் பஸ்ஸில் போவோம். ஒருநாள் தாடிக்கொம்பு நிறுத்தத்தில் கண்டக்டருக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. முன்சீட்டில் இருந்த இவன் கையில் பையையும் விசிலையும் திணித்து, "தம்பி, செத்த நேரம் பிடி, வந்துர்றேன்" என்று இறங்கி ஓடினார். அவ்வளவுதான். இவன் எழுந்து நின்றான், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான், கூட்டத்துக்குள் நுழைந்து டிக்கெட் கேட்க ஆரம்பித்தான். என் முன்னாலும் வந்து நின்றான்.

"பாஸ் எங்க?"

"வீட்டுல மறந்துட்டேம்லே. காலையில உங்கிட்டத்தான சொன்னேன்?"

"எனக்குத் தெரியும். கண்டக்டருக்குத் தெரியாதே."

"நீ எப்படா கண்டக்டர் ஆன?"

"பை யார் கையில இருக்கு? எறங்கு மாப்ள."

கண்டக்டர் திரும்பி வருவதற்குள் என்னை இறக்கிவிட்டான். கண்டக்டர்கூட அப்படிச் செய்திருக்க மாட்டார். சிரித்துவிட்டு விட்டிருப்பார். அன்று வெயிலில் கல்லூரிக்கு நடந்தே போனேன். போகும் வழியெல்லாம் அவனைத் திட்டினேன். மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல் எனக்குத் துண்டு போட்டு சீட் பிடித்து வைத்திருந்தான். அன்று அவன் வெறும் பயணி.

என் தங்கை கல்யாணத்தில் பந்தி பார்க்கும் பொறுப்பை அவனிடம் கொடுத்தேன். புத்தி இருப்பவன் செய்கிற காரியமா? முதல் பந்தியில் மில் ஷிஃப்ட் பஸ்ஸைப் பிடிக்கவேண்டிய பெண்களை உட்காரவைத்துவிட்டான். சீர் கொண்டுவந்த எங்கள் தாய்மாமா வாசலில் வந்து நிற்கிறார். "மாமா, எலை நெறஞ்சிருச்சு. அடுத்த பந்தி" என்றான். தாய்மாமாவிடம்! அவர் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். அவரைச் சமாதானப்படுத்த நானும் அப்பாவும் மூன்று நாள் அவர் வீட்டு வாசலில் கிடந்தோம். இவனிடம் சண்டைக்குப் போனால், "பந்தி என் பொறுப்புன்னு சொன்னியா இல்லையா?" என்கிறான்.

வரலாறு படித்தான். எம்.ஏ. முடித்து, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மாடியில் டுடோரியல் நடத்தினான். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு என்னென்னவோ சொல்லிக்கொடுத்தான். ஆனால் அவன் நெஞ்சுக்குள் இருந்தது ஒரே கதை. எண்ணூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்துக் கதை. பஸ்ஸிலும் டீக்கடையிலும், என் மல்லிகைத் தோட்டத்து வரப்பிலும் வைத்து எனக்கு அதை நாற்பது தடவை சொல்லியிருப்பான்.

ஒரு ராஜா. அவனுக்கு ஒரு கூட்டாளி. கூட்டாளிதான் மந்திரி, முத்திரை மோதிரம் அவன் கையில். சேர்ந்தே வேட்டைக்குப் போவார்கள், ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். குளிர்காலத்தில் தெருவில் போகும்போது ராஜா விளையாட்டாக மந்திரியின் விலையுயர்ந்த மேலங்கியைப் பிடுங்கி ஒரு பிச்சைக்காரனுக்குக் கொடுத்தானாம். அப்படியொரு நெருக்கம். ராஜாவுக்கு ஒரே தலைவலி, திருச்சபை. பாதிரிமார் கொலையே செய்தாலும் ராஜாவின் நீதிமன்றம் தொடமுடியாது, திருச்சபைதான் விசாரிக்கும். ராஜா யோசித்தான். நம் ஆளையே கேன்டர்பரியில் பேராயராக, அந்த நாட்டுத் திருச்சபைக்கே தலைவராக உட்காரவைத்துவிட்டால்? கூட்டாளி வேண்டாம் என்றான். "வச்சீங்கன்னா நம்ம சிநேகிதம் முறிஞ்சிரும்" என்றான். ராஜா கேட்கவில்லை. பேராயர் ஆனதும் கூட்டாளி மந்திரி முத்திரையைத் திருப்பி அனுப்பிவிட்டான். பட்டுக்கு அடியில், தவம்போல, உடம்பை அறுக்கும் ரோமச் சட்டை போட்டுக்கொண்டான். பாதிரியை விசாரிக்க நீ யார் என்று ராஜாவையே கேட்டான்.

"அவன் மாறிட்டான்னு எல்லாரும் எழுதுறான் மாப்ள. அவன் மாறவே இல்ல. மந்திரியா இருந்தப்ப முழுசா மந்திரி, பேராயரா இருந்தப்ப முழுசா பேராயர். அம்புட்டுதான்" என்பான். இதைச் சொல்லும்போது மட்டும் அவன் கண் பளபளக்கும். நான் கொட்டாவி விடுவேன்.

நான் ஊராட்சித் தலைவருக்கு நின்றபோது அவன்தான் என் ஏஜென்ட். வாக்கு எண்ணிக்கையில் மேஜையோடு ஒட்டிக்கொண்டு நின்றான். எதிராளிக்கு விழுந்த ஒவ்வொரு சீட்டையும் முகத்துக்கு நேரே பிடித்து, மை இழுகியிருக்கிறது, கோட்டைத் தாண்டியிருக்கிறது என்று தகராறு செய்தான். எதிராளி யார்? அவனுடைய சொந்த மச்சினன். அவன் மனைவியால் பிறகு ஆறு மாதம் பிறந்த வீட்டுக்குப் போகமுடியவில்லை. கொஞ்ச ஓட்டில் ஜெயித்தேன். மாலையோடு அவனைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவன் எனக்காக நின்றான் என்று நினைத்தேன். ஏஜென்டின் நாற்காலிக்காக நின்றிருக்கிறான் என்பது அப்போது உறைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஊராட்சி வேலையில் அவன்தான் எனக்கு எல்லாம். மனு எழுதுவது அவன், தீர்மானம் எழுதுவது அவன். ஆபீஸின் இன்னொரு சாவி அவன் இடுப்பில்தான் தொங்கும். ஒரே குறை, ஊர் அம்மன் கோயில் கமிட்டி. எதைத் தொட்டாலும், இது கோயில் விஷயம் என்பார்கள். பழைய கமிட்டித் தலைவர் இறந்துபோனார். என் மூளையில் பல்ப் எரிந்தது.

"மாப்ள, நீ கமிட்டித் தலைவரா வந்துரு. ஊராட்சியும் கோயிலும் நம்ம கையில" என்றேன்.

அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "வேணாம்லே. என்னைய அங்க வைக்காத. வச்சா நான் கோயில் ஆளாயிருவேன். பெறகு வருத்தப்படுவ."

நான் சிரித்தேன். அந்தக் கதையை நாற்பது தடவை கேட்டவன், கேட்டுக் கேட்டுக் காது புளித்தவன், சிரித்தேன். என்னைச் செருப்பால் அடிக்கவேண்டாமா? ஊர்க்கூட்டத்தில் நானே பெயரை முன்மொழிந்து, நானே கைதட்டினேன். மறுநாள் காலை என் மனைவி ஒரு கவரைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே ஆபீஸ் சாவி. கூடவே ஒரு ரப்பர் ஸ்டாம்ப், தீர்மான நோட்டு. "அண்ணன் குடுத்துட்டுப் போனாக. காபி குடிக்கச் சொன்னேன், ஊராட்சித் தலைவர் வீட்டுல கமிட்டித் தலைவர் கை நனைக்கக் கூடாதுன்னு போயிட்டாக" என்றாள். அதுவரை தினமும் அவன் காலைப் பலகாரம் சாப்பிட்டதே என் வீட்டில்தான்.

முதல் தகராறு பூசாரியால் வந்தது. கிழக்குத் தெரு ஊரின் கடைசித் தெரு. குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வரும். பூசாரி ஊராட்சி போட்ட பூட்டை உடைத்து, வால்வைத் திருப்பி, கிழக்குத் தெருவுக்குப் போகிற தண்ணீரைத் தன் கனகாம்பரப் பாத்திக்கு விட்டிருக்கிறார். கையும் களவுமாகப் பிடித்தேன். போலீசில் எழுதிக்கொடுக்கக் கிளம்பினேன். வழியில் இவன் சைக்கிளைக் குறுக்கே போட்டு நிற்கிறான்.

"பூசாரி கோயில் ஆளு. கோயில் விசாரிக்கும்."

"அவன் ஒடச்சது ஊராட்சிப் பூட்டுலே!"

"ஒடச்ச கை கோயில் கை. நீ போலீஸ்ல குடுத்தா, நாளைக்கி அம்மனுக்கு வெளக்கு ஏத்தணும்னாலும் ஒன்னையக் கேக்கணும்."

ஊர் அவன் பக்கம் சாய்ந்தது. நான் போலீசுக்குப் போகாமல் திரும்பினேன். கமிட்டி விசாரித்தது. பூசாரி நாற்பத்தெட்டு நாள், செருப்பில்லாமல், தினமும் நான்கு குடம் தண்ணீர் ஊர்க் கிணற்றிலிருந்து கிழக்குத் தெருவுக்குச் சுமக்கவேண்டும் என்று தீர்ப்பு. இதெல்லாம் ஒரு தண்டனையா என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். பூசாரி மட்டும் மறுபடி வால்வைத் தொடவில்லை.

அடுத்து வந்ததுதான் பெரியது. கிழக்குத் தெருவுக்கு மேல்நிலைத் தொட்டி கட்ட அரசாங்க நிதி வந்தது. அலைந்து அலைந்து நான் வாங்கியது. மேடான இடம் வேண்டும். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் களம் நல்ல மேடு. வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவில் பொங்கல் வைப்பார்கள், மற்ற நாளில் ஆடு படுத்திருக்கும். அதில் ஒரு மூலையைக் கேட்டேன். கமிட்டித் தலைவர் மறுத்துவிட்டார்.

"அம்மன் எடத்த ஒரு தலைவருக்குக் குடுத்தா அடுத்த தலைவன் கடை கட்டுவான். ஒன் தோட்டத்து மூலையும் மேடாத்தான இருக்கு?"

அந்த மூலை என் மல்லிகைப் பாத்தி. அதில் பறித்த பூவைத்தான் என் மனைவி விடிகாலை முதல் பஸ்ஸில் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு அனுப்புவாள். சும்மா கிடக்கும் களத்தை விட்டுவிட்டு, விளைகிற நிலத்தைக் கேட்கிறானே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாதக்கணக்கில் இழுத்தது. கிழக்குத் தெருப் பெண்கள் காலிக் குடத்தோடு என் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். யூனியன் ஆபீஸிலிருந்து கடைசியாக ஒரு கடிதம் வந்தது. எட்டு நாளுக்குள் இடத்தைக் காட்டவேண்டும், இல்லையென்றால் நிதி திரும்பிப் போய்விடும்.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு டீக்கடையில் கத்தினேன். என் அக்கா மகனும் அவன் சேக்காளிகள் மூன்று பேரும் பெஞ்சில் இருந்தார்கள். "ஊரே எம் பின்னாடி நிக்கிதுங்கிறீங்க. இந்த ஒத்த ஆளை நகட்ட ஒருத்தனுக்கும் துப்பில்லையா?" என்றேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து மோர் குடித்துவிட்டுப் படுத்தேன். கோபத்தில் வருகிற வார்த்தைதானே. நாம் பேசாத பேச்சா?

அதே வார்த்தையைத்தான் அந்த ராஜாவும் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு விருந்தில் கத்தினான். கேட்டுக்கொண்டிருந்த நான்கு வீரர்கள் எழுந்து, பேராயரைத் தேடிக் கடல் தாண்டிப் போனார்கள். இதையும் அவன் எனக்குச் சொல்லியிருந்தான்.

உச்சிகாலப் பூசை நேரத்தில் நான்கு பேரும் முளைக்குச்சி, கயிறு, கடப்பாரையோடு களத்தில் அளவு போடப் போயிருக்கிறார்கள். இவர்கள் வருவதைப் பார்த்துப் பூசாரி கோயில் கதவைச் சாத்தப் போனாராம். பூசைக்கு வந்திருந்த இவன் விடவில்லை. "கோயில் என்ன கோட்டையா? தொறந்து வைங்க" என்று சொல்லிவிட்டு, அவர்கள் குச்சி அடித்த இடத்தில் போய் நின்றுகொண்டான். நகரச் சொன்னார்கள். நகரவில்லை. என் அக்கா மகன் தோளைப் பிடித்துத் தள்ளினான். பின்னால் ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கும் கல்தொட்டி. அதன் மேல் விழுந்ததில் மண்டை பிளந்தது, வலது முழங்கை முறிந்தது.

செய்தி கேட்டு நான் எப்படித் திண்டுக்கல் போய்ச் சேர்ந்தேன் என்று நினைவில்லை. ஆஸ்பத்திரி வார்டு வாசலிலேயே கால் நின்றுவிட்டது. தலையைச் சுற்றிக் கட்டு, கையில் மாவுக்கட்டு. பக்கத்தில் அவன் மனைவி. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எத்தனை வருடம் என்னை அண்ணே என்று கூப்பிட்டவர். அந்த நேரம் பார்த்து சப்-இன்ஸ்பெக்டர் என்னைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனார்.

"நாலு பேர் பேரச் சொல்லுங்க. தூண்டிவிட்டது யாருன்னும் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார்.

நான்கு பேர் பெயரையும் சொல்வான், என் பெயரையும் சொல்வான் என்றுதான் நினைத்தேன். சொல்லியிருந்தால் தப்பே இல்லை. என் பதவி போயிருக்கும், அக்கா மகன் ஜெயிலுக்குப் போயிருப்பான், தொட்டியும் போயிருக்கும்.

"கோயில் எடத்துல நடந்தது சார். கமிட்டி விசாரிக்கும்" என்றான்.

"மண்டை ஒடஞ்சிருக்குய்யா!"

"என் மண்டைதான சார்? நான் எழுதிக் குடுக்கல."

அவர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். மிரட்டியும் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு போனார். முதல்முறையாக, அவனால் தலையில் அடித்துக்கொள்ளும் ஆள் நான் ஒருவன் மட்டும் இல்லை என்று தெரிந்தது. கட்டிலருகே போனேன். அழுகை வந்துவிட்டது.

"மாப்ள, என்னையக் காப்பாத்திட்டலே..."

"ஒன்னைய எவன் காப்பாத்துனான்?" என்றான். குரல் எழும்பவில்லை, ஆனாலும் அதே அதட்டல். "ஞாயித்துக்கெழம பத்து மணிக்கிக் கமிட்டி கூடுது. நாலு பேரையும் கூட்டிட்டு வா. செருப்ப வீட்டுலயே விட்டுட்டு வா."

பேராயரைக் கொன்ற அந்த நான்கு வீரர்களையும் ராஜாவின் நீதிமன்றம் விசாரிக்க முடியவில்லையாம். திருச்சபை ஆளைத் தொட்டதால் அது திருச்சபை வழக்கு. எந்த உரிமைக்காகச் செத்தானோ அந்த உரிமையே கொன்றவர்களைத் தூக்குக்கயிற்றிலிருந்து காப்பாற்றியது. இதை அவன் சொல்லும்போதெல்லாம் நான் பாட்டுக்கு ஆடை படிந்த டீயை ஊதிக்கொண்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே கூடியிருந்தது. மாவுக்கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என்னை முன்பின் தெரியாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "நீங்க சொன்னீங்களா?" என்று கேட்டான். வாழ்நாளில் முதல்முறையாக நீங்க என்றான். எனக்கு அதுதான் தாங்கவில்லை. சொன்னேன் என்று ஒப்புக்கொண்டு, ஊர் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். தள்ளியவனுக்கும் சொன்னவனுக்கும் ஒரே தண்டனை. நாற்பத்தெட்டு நாள், நான்கு குடம்.

ஊராட்சித் தலைவர் வெறுங்காலோடு தோளில் குடத்தைச் சுமந்துகொண்டு கிழக்குத் தெருவுக்குப் போனார். எல்லோரும் வாசலில் நின்று பார்த்தார்கள். முதல் நாள் அவமானத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் கால் தெரிந்தது. வழியெல்லாம் நெருஞ்சி முள். மூன்றாம் நாள் நான்காவது குடத்தை இறக்கியபோது, ஒரு பெண் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "அம்புட்டுதானா தலைவரே? எங்களுக்கு நாளுக்குப் பத்துக் குடம்" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. திரும்பும் வழியில் என் தோட்டத்து மூலையில் நின்று பார்த்தேன். மேடாகத்தான் இருந்தது. அன்று மதியமே யூனியன் ஆபீஸில் எழுதிக்கொடுத்தேன். மனைவி பாத்தியில் உட்கார்ந்து கடைசியாக ஒரு முறை மொட்டுப் பறித்தாள்.

தொட்டி எழும்பியது. தண்ணீர்க் கமிட்டிக்கு ஒரு தலைவர் வேண்டும். ஊர் ஒரே குரலில் அவன் பெயரைச் சொன்னது. வேண்டவே வேண்டாம், அவனை அந்த நாற்காலியில் உட்காரவைத்தால் என் நிலத்தில் நிற்கிற தொட்டியிலிருந்து எனக்கே ஒரு சொட்டு விடமாட்டான் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் மறுநாள் கோயில் கமிட்டிச் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். முதல் வாரமே, தொட்டியிலிருந்து என் தோட்டத்துக்கு நான் நைசாக இழுத்திருந்த குழாயை நடுவில் அறுத்து மூடி போட்டுவிட்டான். அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, நிமிராமல் போன அந்த வலது கையால் என் மனைவி போட்ட தோசையைப் பிய்த்துத் தின்றுகொண்டே, "கோவமா மாப்ள?" என்று கேட்கிறான். என்ன மனிதன் இவன்!

போன ஐப்பசியில் இறந்துபோனான். காலையில் வால்வைத் திறந்துவிட்டு வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. எனக்கு ஒரு பக்கத்துத் தோள் போனதுபோல் இருக்கிறது. அதையும் அவன் மேல் கோபமாகத்தான் சொல்லத் தெரிகிறது.

இப்போது தண்ணீர்க் கமிட்டிக்கு என் அக்கா மகன் தலைவர். நல்ல பையன், எல்லோருக்கும் இளகுவான். போன வாரம் எங்கள் தெருவுக்கு முறை இல்லாத நாளில் என் வீட்டுக் குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. வெளியே வந்தால், வால்வுக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கிறான்.

"ஒங்களுக்கு இல்லாததா மாமா? யாரு கேக்கப்போறா?"

நான் வீட்டுக்குள் பார்த்தேன். தண்ணீர் தொட்டியில் நிறைந்துகொண்டிருந்தது. செருப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை. செத்துப்போன அந்தப் பாவியை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே, வெறுங்காலோடு தெருவில் நடந்துபோய் வால்வைத் திருகி மூடினேன்.